பட்டறைப் பதில்கள்: ஷாக்கப்சர் மாற்ற ஒரு ரிங் ஸ்பானர் போதும்

போன இதழில் பின்சக்கரம் கழற்றுவதைப் பற்றி எழுதும்போது, "அப்படியே ஷாக்கப்சரையும் ஒரு பார்வை பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த முறை முழுக்க ஷாக்கப்சரே இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது 100 சிசி வண்டி, வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பின்னால் வலது ஷாக்கப்சரில் எண்ணெய் கசிகிறது, பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும்போல் இருக்கிறது. புது ஜோடி வாங்கிவிட்டேன். மாட்டித்தரக் கேட்டால், "ஸ்பெஷல் டூல் வேணும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். என் கையில் வண்டியோடு வந்த டூல்கிட், 14-17 ரிங் ஸ்பானர், ஒரு சுத்தியல். நானே மாட்டலாமா அண்ணே?
— வாசகர், கீரனூர்

தாராளமாக மாட்டலாம் தம்பி. ஜோடியாக வாங்கியது நல்ல காரியம். கசிகிற பக்கத்தை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் இளைஞன், ஒரு பக்கம் கிழவன் என்று வண்டி வளைவில் இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டு ஷாக்கப்சர் இருக்கிற வண்டியில் ஸ்பெஷல் டூல் எதற்கும் வேலை இல்லை. ஏனென்றால் அந்த இரண்டில் ஒன்றுதான் உனக்கு டூல். மெயின் ஸ்டாண்டு வண்டியின் எலும்புக்கூடான சேஸிசோடு சேர்ந்தது. அதில் ஏற்றியதும் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, அதைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்மோடு ஷாக்கப்சர்களில் தொங்கும். ஒரு பக்கத்தைக் கழற்றினாலும் மறுபக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக, ஒரு நேரத்தில் ஒரு பக்கம். இடதைக் கழற்றி, புதியதை மாட்டி, நட்டைக் கையால் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் வலதில் கை வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் சக்கரம் கீழே சரியும், இரண்டு ஓட்டையையும் நேர்படுத்துவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

சமதரை பார்த்து நிறுத்து. சிமெண்ட் தரை நல்லது. மண் தரை என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகை. முதல் வேலை, செல்போனில் இரண்டு பக்கமும் நாலு படம் எடுத்துக்கொள். எந்த வாசர் உள்ளே, எந்த வாசர் வெளியே, சாரி கார்டு பட்டை எந்த இடத்தில் என்று பிறகு சண்டை வராது. நாங்கள் தொழில் கற்ற காலத்தில் கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் கம்பியில் கோத்து வைப்போம். அதையும் செய்யலாம், ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மேலே பெரும்பாலும் தலை மூடிய டோம் நட்டு இருக்கும், கீழே நட்டு அல்லது போல்ட்டு. உன் ரிங் ஸ்பானரின் ஒரு முனை பொருந்தும். ஓப்பன் ஸ்பானரைப் போடாதே. பதினோரு வருஷத் துருவில் அது வழுக்கி நட்டின் ஆறு முனையையும் வட்டமாக்கிவிடும். முந்தின நாள் ராத்திரியே நாலு நட்டிலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வை. மேல் நட்டு, கீழ் நட்டு இரண்டையும் கால் சுற்று தளர்த்திவிட்டு, முதலில் கீழே கழற்று, பிறகு மேலே. வலது பக்கம் சைலன்சர் குறுக்கே நின்றால் அதன் பின்பக்கப் போல்ட்டை மட்டும் எடுத்துக் கொஞ்சம் விலக்கினால் போதும், முழுதாக இறக்க வேண்டியதில்லை.

புது ஷாக்கப்சரை மாட்டுவதற்கு முன் பழையதன் பக்கத்தில் நிறுத்தி, மேல் கண்ணிலிருந்து (மாட்டுகிற ஓட்டையுள்ள வளையம்தான் கண்) கீழ்க் கண் வரை உயரம் ஒன்றுதானா என்று பார். அப்புறம் அதை நேராக நிமிர்த்தித் தரையில் ஊன்றி, உடம்பு எடையைக் கொடுத்து ஏழெட்டுத் தடவை அழுத்தி விடு. கடையில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததில் உள்ளே காற்றும் எண்ணெயும் இடம் மாறியிருக்கும். முதல் இரண்டு அழுத்தில் வெறுமையாக இறங்குவதும், பிறகு பிடிமானம் வருவதும் உன் கைக்கே தெரியும்.

மேல் கண்ணைச் சேஸிசிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட ஸ்டட்டில் ஏற்று. கீழ் ஓட்டை அரை விரற்கடை விலகி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே. செருப்புக் காலை டயருக்கு அடியில் கொடுத்து மெதுவாக மேலே தூக்கினால் ஸ்விங் ஆர்ம் எழும்பி ஓட்டை நேராகும். ஆள் துணை இல்லாவிட்டால் டயருக்குக் கீழே பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகு. என் பட்டறையில் இதற்கென்றே மூன்று தேய்ந்த சப்பாத்திப் பலகைகள் இருந்தன, வீட்டில் இன்னும் அதற்காகத் திட்டு வாங்குகிறேன். ஸ்பிரிங்கைக் குறைந்த படியில் வைத்தால் ஷாக்கப்சர் குட்டையாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. விரிந்த நீளத்தை உள்ளே இருக்கும் தண்டுதான் முடிவு செய்கிறது.

நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீ ஒரு தடவை உட்கார்ந்து எழுந்த பிறகு. தொங்குகிற நிலையில் இறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே வாழ்நாள் முழுக்க நிற்கும், சீக்கிரம் கிழியும். ரிங் ஸ்பானரின் முழு நீளத்துக்கு, ஒரு கை பலம் போதும். ஸ்பானர் மேல் ஏறி மிதிக்காதே. அந்த மேல் ஸ்டட் சேஸிசில் பற்ற வைத்தது. அது முறிந்தால் ஷாக்கப்சர் செலவைவிட வெல்டிங் செலவு பெரிசு. பத்து நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பார்.

உங்களைப் போல நானும் கையாலேயே மாற்றினேன். கூடவே, தேவையில்லை என்று சாரி கார்டையும் எடுத்துவிட்டேன். நட்டு நன்றாக இறுகிவிட்டது. ஆனால் இடது பக்கம் சின்னக் குழியில்கூட 'டக் டக்' என்கிறது. புது ஷாக்கப்சரே கோளாறா?
— வாசகர், பொன்னமராவதி

ஷாக்கப்சரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், பாவம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

பல வண்டிகளில் சாரி கார்டின் பட்டை ஷாக்கப்சரின் அதே ஸ்டட்டில்தான் வந்து உட்காரும். அதை எடுத்தவுடன் அந்தப் பட்டையின் கனம் அளவுக்கு இடம் காலி. டோம் நட்டு என்பது தலை மூடிய நட்டு. ஸ்டட்டின் முனை போய் அந்த மூடியின் உள்பக்கத்தில் முட்டிவிட்டால் ஸ்பானருக்கு 'நங்' என்று இறுகின மாதிரியே இருக்கும். உண்மையில் நட்டு ஸ்டட்டைத்தான் இறுக்குகிறது, ஷாக்கப்சரைத் தொடவே இல்லை. நான் பார்த்த 'டக் டக்' கேஸ்களில் பெரும்பாலானவை இந்த டோம் நட்டு செய்த ஏமாற்று வேலைதான்.

ஷாக்கப்சரின் மேல் தலையைக் கையால் பிடித்து வண்டிக்கு உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால் அதேதான். பட்டையின் கனத்துக்குச் சமமாக ஒன்றிரண்டு வாசர் போட்டு இறுக்குங்கள். அதைவிட நல்லது, சாரி கார்டையே திரும்ப மாட்டுவது. பின்னால் உட்காருகிறவர்களின் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்துக்குள் போகாமல் இருப்பதற்குத்தான் அது அங்கே இருக்கிறது. அழகுக்காகக் கழற்றுகிற பொருள் இல்லை.

நட்டெல்லாம் வந்துவிட்டது, ஷாக்கப்சர்தான் வரமாட்டேன் என்கிறது. மேல் கண் ஸ்டட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?
— வாசகர், அறந்தாங்கி

அடிக்கலாம், எங்கே அடிக்கிறோம் என்பதுதான் விஷயம். ஸ்டட்டின் முனையில் அடித்தீர்களோ, மரை போச்சு. அதனால் முதலில் டோம் நட்டைத் திரும்ப ஸ்டட் முனையில் நாலு சுற்று ஏற்றிவிடுங்கள். கை தவறினாலும் மரை பிழைக்கும்.

ஷாக்கப்சர் கண்ணுக்குள் ரப்பர், ரப்பருக்குள் ஒரு இரும்புக் குழாய். அந்தக் குழாய்தான் ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கிறது. வெளியே இழுத்தால் ரப்பர்தான் நீளுமே தவிர குழாய் அசையாது. அதைச் சுழற்றத்தான் வேண்டும். குழாயும் ஸ்டட்டும் சேருகிற இடத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கீழ்முனை கழன்ற ஷாக்கப்சரைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நீளமான ஷாக்கப்சரே நெம்புகோல். முதலில் ரப்பர் மட்டும் முறுகும், விடாமல் ஆட்டினால் ஒரு கட்டத்தில் 'கிர்ர்' என்று செங்கல் பொடி நிறத்தில் துரு உதிரும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் காரியம் முடிந்தது. பிறகு உள்பக்கத்திலிருந்து ஒரு மரக்கட்டையை வைத்து, மேலும் கீழும் மாற்றி மாற்றித் தட்டி வெளியே நகர்த்துங்கள். டார்ச் வைத்துச் சூடு காட்டாதீர்கள். பக்கத்தில் வயரிங் ஓடுகிறது, ரப்பர் எரியும், உள்ளே அழுத்தத்தில் எண்ணெயும் சில மாடல்களில் வாயுவும் இருக்கின்றன.

ஸ்டட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, புதியதை மாட்டும்போது துளி கிரீஸ், இரும்பில் மட்டும். ரப்பரில் படக்கூடாது, ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். ரப்பர் புஷ்ஷை உள்ளே தள்ள வழுக்கல் வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். மாட்டின பிறகு அது காய்ந்துவிடும்.

புஷ்ஷை மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். பிரஸ் மெஷின் வேண்டாம். ஒரு நீளப் போல்ட்டு, இரண்டு தடித்த வாசர், பழைய புஷ் நுழைகிற அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு. போல்ட்டைக் கண்ணுக்குள் விட்டு, ஒரு பக்கம் குழாய்த் துண்டை வைத்து, மறுபக்கம் நட்டை இறுக்க இறுக்கப் பழையது தானாகக் குழாய்க்குள் இழுபட்டு வரும். ஒருமுறை பால்கேன் வண்டிக்காரர் ஒருவர் விடிகாலை நாலரைக்கு வந்து நின்றார், புஷ் தூளாகிவிட்டது, கடை எதுவும் திறக்கவில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுருட்டித் திணித்து அனுப்பினேன். சாயங்காலமே வரச் சொன்னேன், எட்டு மாதம் கழித்து வந்தார். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

பழைய ஷாக்கப்சரில் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றி வேறொன்றில் போட ஆசை. ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல், கயிறு கட்டி அமுக்கி எடுக்க முடியுமா?
— வாசகர், மணப்பாறை

முடியாது. இன்னொரு முறை கேட்டாலும் முடியாது. இவ்வளவு நேரம் டூல் வேண்டாம், டூல் வேண்டாம் என்று எழுதியவன்தான் இதையும் எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு வயது. வேலை கற்றுக்கொண்டிருந்த பட்டறையில் எங்கள் மேஸ்திரி ஒருநாள் அவசரத்தில் ஷாக்கப்சரை வைஸில் மாட்டி, இரண்டு பையன்களை விட்டு ஸ்பிரிங்கைக் கீழே அழுத்தச் சொல்லி, மேல் தலையைத் திருகிக் கழற்றினார். நான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன். ஒரு பையனின் கை வழுக்கியது. ஸ்பிரிங் போனதை நான் பார்க்கவில்லை, கூரை உடைந்த சத்தம்தான் கேட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. மேஸ்திரியின் முகத்துக்கும் அது போன பாதைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்தார். டம்ளர் பல்லில் மோதிச் சத்தம் போட்டது. மழைக்காலம் முழுக்க அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு வாளி இருக்கும்.

ஷாக்கப்சரில் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கினாலும் அந்த அழுத்தம் குறையாது. கம்பிரசர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பின்னால் இடது பக்கம் ஒரே ஒரு ஷாக்கப்சர்தான். மெயின் ஸ்டாண்டு போட்டு நானே கழற்றலாமா?
— வாசகி, காரைக்குடி

நல்லவேளை, கழற்றுவதற்கு முன்னால் கேட்டீர்கள் அம்மா. பைக்கில் செய்கிற மாதிரி செய்தால் வண்டி உங்கள் கைமேல் உட்கார்ந்துவிடும்.

இந்த வகை ஸ்கூட்டர்கள் பலவற்றில் மெயின் ஸ்டாண்டு சேஸிசில் இல்லை, என்ஜினில் இருக்கிறது. என்ஜினும் பின்சக்கரமும் ஒரே உடம்பு, அதுதான் ஸ்விங் ஆர்ம் வேலையையும் செய்கிறது. ஸ்டாண்டு போட்டதும் என்ஜின் தரையில் ஊன்றி நிற்கும். சீட், பெட்டி, பாடி எல்லாவற்றின் பின்பக்கப் பாரமும் அந்த ஒற்றை ஷாக்கப்சர் வழியாகத்தான் என்ஜின்மேல் இறங்குகிறது. ஷாக்கப்சரை எடுத்தால் மேல்பாதி அப்படியே கீழே அமரும்.

அதனால் முட்டு கொடுக்க வேண்டியது பாடிக்கு. குனிந்து என்ஜினில் ஸ்டாண்டு சேருகிற இடத்தை முதலில் பாருங்கள். பிறகு பின்பக்கச் சேஸிஸ் குழாய்க்குக் கீழே மரக்கட்டை அடுக்கலாம். அல்லது வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதிலிருந்து கயிற்றை இறக்கிச் சேஸிசில் கட்டுங்கள், உங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் ஊஞ்சல் கொக்கிக்கா பஞ்சம்! பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள். போல்ட்டு கையால் லேசாக நகர்கிற அளவுக்குப் பாரம் போன பிறகு உருவுங்கள். முன்பிரேக் லீவரை ஒரு ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி வைத்தால் வண்டி முன்னே உருளாது. மேல் போல்ட்டுக்குப் பக்கவாட்டுப் பேனல் கழற்ற வேண்டிவரும், அதன் கிளிப்புகளை உடைக்காமல் எடுப்பதுதான் உண்மையில் கஷ்டம்.

இரண்டு பேர் போகும்போது பின்பக்கம் தட்டுகிறது. ஷாக்கப்சரை 'டைட்' வைக்கச் சொல்கிறார்கள். அதற்கான வளைந்த ஸ்பானர் தொலைந்துவிட்டது.
— வாசகர், தேவகோட்டை

ஸ்பிரிங்கின் அடியில் படிக்கட்டு வைத்த வளையம் ஒன்று இருக்கும், சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் ஐந்து படி. மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, பாரம் இல்லாத நேரத்தில் திருப்புங்கள். வளையத்தில் ஓட்டை இருந்தால் அதில் கனமான திருப்புளியைச் சொருகி நெம்பலாம். இல்லாவிட்டால் சி ஸ்பானர் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை. உளியை வைத்துத் தட்டுகிறவர்கள் வளையத்தின் பல்லைத்தான் உடைக்கிறார்கள்.

எத்தனை படி ஏற்றினாலும் இரண்டு பக்கமும் ஒரே படி. ஒரு வாத்தியார் வண்டி வந்தது, நேரான ரோட்டிலேயே தள்ளாடுகிறது என்று. டயர், பேரிங், ஃபோர்க் என்று அரை நாள் தேடினேன். இடது பக்கம் ஐந்தாம் படி, வலது பக்கம் ஒன்றாம் படி. வலது பக்கம் சைலன்சர் மறைத்ததால் யாரோ இடதை மட்டும் திருப்பிவிட்டு விட்டுவிட்டார்கள். இரண்டையும் மூன்றில் வைத்தேன், வாத்தியார் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூலி எவ்வளவு என்று கேட்டார். வாங்கவே வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்து புல்லட்டில் பின்னால் ஷாக்கப்சரே கிடையாது என்கிறார் என் தாத்தா. நம்பலாமா?
— வாசகர், திருமயம்

தாத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் 1932இல் வந்த புல்லட் முதல் பல வருஷம் பின்சக்கரம் சேஸிசிலேயே அசையாமல் பொருந்தியிருக்கும், சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்தான் ஓட்டுகிறவருக்கு ஒரே ஆறுதல். ஸ்விங் ஆர்மும் எண்ணெய் போட்ட ஷாக்கப்சரும் வைத்த சோதனை வண்டிகள் 1948இல் வந்தன. அந்த வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் பிரிட்டன் அணியில் ஓடித் தங்கப் பதக்கமும் வாங்கின. 1949இல் விற்பனைக்கு வந்துவிட்டது. சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது 1955இல். ஆக, திருவொற்றியூரில் பிறந்த புல்லட் எல்லாம் ஷாக்கப்சரோடுதான் பிறந்தது. தாத்தா ஓட்டியது அதற்கும் முந்தின சீமை வண்டியா என்று கேட்டு எழுதுங்கள். அப்படியானால் அவர் இடுப்பு இன்னும் நேராக இருப்பது ஆச்சரியம்தான்.

மோனோஷாக் வண்டிக்கும் இதே முறையா?
— வாசகர், புதுக்கோட்டை

இல்லை. அதில் ஒற்றை ஷாக்கப்சர் நடுவில் ஒளிந்திருக்கும், தாங்கிப் பிடிக்க மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. பல மாடல்களில் மெயின் ஸ்டாண்டும் இல்லை. சேஸிசைத் தூக்கி நிறுத்த வழி இருக்கிற பட்டறையில் விடுங்கள். கூட நின்று வேடிக்கை பாருங்கள், பழைய ஷாக்கப்சரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.